பழுப்பு என்பது வயதின் நிறமா?

பழைய குடும்பப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இந்தப் பழுப்பை எடுத்துட்டு பளிச்சுன்னு கருப்பு வெள்ளையா மாத்திக்கலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். போனிலேயே ஒரு பட்டனைத் தொட்டால் முடிகிற காரியம்தான். ஆனாலும் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அந்தப் பழுப்பு தானாக வந்ததா, யாராவது வரவழைத்ததா?

இரண்டும் ஒன்றல்ல. தானாக வந்தது நோய். வரவழைத்தது வைத்தியம். அந்த வைத்தியத்துக்குப் பெயர் டோனிங். இப்போது போனில் 'செப்பியா' என்று ஒரு அலங்காரமாக இருக்கிறதே, அது அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. படம் செத்துப்போகாமல் இருக்கப் பிறந்தது. இந்தக் கதை லண்டனில் தொடங்கி, தஞ்சாவூர் வழியாக, நம் குரோம்பேட்டைக்கு வந்து சேரும். கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

1839-ல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே பெரிய சங்கடம் ஒன்று வந்தது. காகிதத்தில் அச்சிட்ட படங்கள் மஞ்சளாகி வெளிறத் தொடங்கின. விலை கொடுத்து வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். 1855-ல் லண்டன் புகைப்படச் சங்கம் இதை ஆராய ஒரு குழுவையே அமைத்தது. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் அதற்கு 50 பவுண்டு கொடுத்தார். குழுவின் பெயரே 'வெளிறல் குழு'. அவர்கள் கண்ட குற்றவாளிகள்: சரியாகக் கழுவாததால் காகிதத்தில் தங்கிய ஹைப்போ, காற்றில் உள்ள கந்தகம், எல்லாவற்றையும் வேகப்படுத்தும் ஈரம். அவர்கள் சொன்ன மருந்துகளில் முக்கியமானது, படத்தைத் தங்கக் கரைசலில் குளிப்பாட்டுவது.

ஈரம் என்றால் லண்டன்காரர்களுக்கு என்ன தெரியும்? சென்னைக்கு வந்திருக்க வேண்டும்.

வந்தார்கள். சரியாக அதற்கு அடுத்த ஆண்டு, 1856-ல், சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850-ல் கலைப் பள்ளியைத் தொடங்கியவர் இவர்தான். எழும்பூர் பக்கம் இன்றும் கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறதே, அதே பள்ளி. அதே 1856-ல், சென்னை மாகாண அரசு தனக்கென ஒரு புகைப்படக்காரரை நியமித்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதம், கண்ணாடித் தகடு இரண்டையும் நெகட்டிவ்வாகப் பயன்படுத்தினார். அந்த வெயிலில், கூடாரத்துக்குள், ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியர்க்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டை அவர் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். ஏறக்குறைய 19 அடி. ராஜராஜன் வெட்டுவித்த எழுத்துகளை முதன்முதலில் காகிதத்தில் அப்படியே கொண்டுவந்த முயற்சிகளில் ஒன்று அது. நம் வரலாற்றுப் புத்தகங்களில் டிரைப்புக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்குத் தேவையில்லாத ஆடம்பரச் செலவு என்று சொல்லி நிறுத்திவிட்டார். சிக்கனம் பார்க்கிற அதிகாரிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பு வெள்ளை இல்லை. நாவல்பழத்தைக் கசக்கின மாதிரி ஊதா கலந்த பழுப்பு. முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் காகிதத்தில் அச்சிட்டால், வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியதாக இருப்பதால் படம் செங்கல் சிவப்பாக வரும். அதைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்தால் ஊதாப் பழுப்பாக மாறும். மவுண்ட் ரோடு பக்கம் பின்னால் பேர் வாங்கிய நிக்கோலஸ் கம்பெனி, வீலே அண்ட் கிளைன் காலத்திலும் இதுதான் நடைமுறை.

இதில் என்ன நடக்கிறது? என்னிடம் பத்தாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மயில் துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், ஆணியின் மேல் செம்பு படியும், இரும்பு கரைசலுக்குள் போகும். அதே இடப்பெயர்ச்சி வினைதான். தங்கக் கரைசலில் வெள்ளிப் படத்தைப் போட்டால், வெள்ளி கொஞ்சம் கரைந்து போக, அந்த இடத்தில் தங்கம் உட்காரும். தங்கத்தைக் கந்தகமும் காற்றும் ஒன்றும் செய்யாது. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்கிறது, தாலிச் சரடு கறுப்பதில்லை. 1850-களின் மிக நவீனமான வேதியியல் அவ்வளவுதான்.

தங்கம் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? இருபதாம் நூற்றாண்டில் ஜெலட்டின் காகிதம் வந்த பிறகு ஸ்டூடியோக்கள் மலிவான வழிக்குப் போனார்கள். அதுதான் செப்பியா. முதல் தட்டில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசல். அதில் படம் மறைந்து, லேசான வைக்கோல் நிறம் மட்டும் நிற்கும். கழுவிவிட்டு, இரண்டாவது தட்டில் சோடியம் சல்ஃபைடு. சில நொடிகளில் படம் காபிக்கொட்டை நிறத்தில் திரும்பி வரும். கூடவே அழுகின முட்டை நாற்றமும் வரும். டார்க்ரூமில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் கேளுங்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. கந்தகம்தான் படத்தைக் கெடுக்கிறது என்றார்கள். செப்பியா செய்வதும் கந்தகம்தான்! கழுவாமல் தங்கிய ஹைப்போ மெல்லச் சிதைந்து, வெள்ளியை அங்கங்கே அரைகுறையாக சல்ஃபைடாக்கும். அதனால் முகத்தில், வேட்டியில், வானத்தில் உள்ள மென்மையான விவரங்கள் முதலில் மஞ்சளாகிக் காணாமல் போகும். செப்பியா டோனிங்கில், வெள்ளி முழுவதையும் நாமே ஒரே மூச்சில் சில்வர் சல்ஃபைடாக மாற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகு காற்று வந்து கெடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அம்மை வராமல் இருக்க அம்மை குத்துவது மாதிரி.

எனவே உங்கள் வீட்டுப் படத்தை எடுத்து ஜன்னல் ஓரம் சாய்த்துப் பாருங்கள். பழுப்பு முழுப் படத்திலும் ஒரே சீராக, கறுத்த இடங்கள் கெட்டியாக, வெள்ளைப் புடவையின் மடிப்புகூடத் தெளிவாக இருந்தால், உங்கள் தாத்தா கூடக் காசு கொடுத்து செப்பியா கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதைத் துடைத்துக் கருப்பு வெள்ளை ஆக்காதீர்கள். ஓரங்களில் மஞ்சள், வெளிச்சமான இடங்கள் வெறிச்சென்று, இருண்ட இடத்தில் சாய்த்தால் பாதரசம் தடவின மாதிரி மினுமினுப்பு இருந்தால் அது நோய். உடனே ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

நம் பக்கத்துப் படங்களில் இந்த நோய் அதிகம் என்பது என் அனுமானம். காரணம் தண்ணீர். கெட்டிக் காகிதத்தில் அச்சிட்ட படத்தை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது கழுவ வேண்டும். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் வட்டாரத்தில் கோடையில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து வைக்கிற வசதி எந்த ஸ்டூடியோவுக்கு இருந்தது? 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நமக்கு 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் கொடுத்தது. கழுவத் தண்ணீர் யார் கொடுப்பது?

கழுவத் தண்ணீர் இல்லாத ஊருக்கு 2015 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தண்ணீர் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரத்தில் முதல் மாடி வரை. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடிகளில் ஆல்பங்களைக் காயவைத்த காட்சி இந்தப் பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்க்ஜெட்டில் அச்சிட்டவை சாயம் கரைந்து வானவில்லாகியிருந்தன. எண்பது, தொண்ணூறுகளின் கலர் படங்களில் ஜெலட்டின் பாகாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். பழைய கெட்டிக் காகிதக் கருப்பு வெள்ளைப் படங்களைச் சேற்றை அலசி, தனித்தனியாக நிழலில் காயவைத்தவர்களுக்குச் சில கிடைத்தன. டோனிங் செய்தவையும் செய்யாதவையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். டோனிங் காற்றிலிருந்து காக்கும், வெள்ளத்திலிருந்து காக்காது. ஜெலட்டின் ஊறினால் தங்கமும் சேர்ந்துதான் வழுக்கிக்கொண்டு போகும்.

அப்படியானால் தண்ணீருக்கு அஞ்சாத படம் உண்டா? உண்டு. அது வெள்ளியில் இல்லை, இரும்பில் இருக்கிறது.

1842-ல் ஜான் ஹெர்ஷல் (ஹைப்போவின் குணத்தைக் கண்டவரும் இவரே) இரும்பு உப்புகளை வைத்து நீலப் படம் செய்தார். சயனோடைப். அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடல்பாசிகளை நேரடியாகக் காகிதத்தில் வைத்து, வெயிலில் காட்டி, நீலப் பக்கங்களாக ஒரு நூலைக் கொண்டுவரத் தொடங்கினார். ஆனால் இந்த முறைக்கு உலகப் புகழ் வந்தது கலையால் அல்ல, எஞ்சினியர்களால். ப்ளூ பிரிண்ட் என்ற சொல்லே இதுதான். 1931-ல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், பாலம், தண்டவாளம், கட்டடம் எதற்கு வரைபடம் என்றாலும் அதன் நகல் இப்படி நீலத்தில் வெள்ளைக் கோடாகத்தான் எடுக்கப்பட்டது. நாமெல்லாம் வீடு கட்டும்போது பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டுபோனது வேறு. அது வெள்ளையில் நீலக் கோடு, அமோனியா பிரிண்ட். பெயர் மட்டும் ப்ளூ பிரிண்ட் என்றே ஒட்டிக்கொண்டது.

சயனோடைப்பில் நிறம் தருவது பிரஷ்யன் நீலம். தண்ணீரில் கரையாது. மேலே ஜெலட்டின் பூச்சும் கிடையாது, காகித நாரிலேயே ஊறி நிற்கும். வாளித் தண்ணீரில் நாள் முழுக்கப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்கு எதிரி காரம். சோப்பும் சலவைச் சோடாவும் பட்டால் நீலம் மஞ்சளாக வெளிறிவிடும். எங்கள் பகுதி போர் தண்ணீரிலேயே அந்தக் குணம் லேசாக உண்டு. அதில் கழுவினால் நீலம் சோர்ந்துபோகும். ஒரு வாளிக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடும்.

இந்த பலவீனத்தைத்தான் டோனிங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். முதலில் வேண்டுமென்றே சலவைச் சோடாவில் நீலத்தை வெளிறச் செய்வது. அப்போது காகிதத்தில் இரும்பு மட்டும் துருபோல நிற்கும். நன்றாக அலசி, டானின் உள்ள கஷாயத்தில் போட்டால், இரும்பும் டானினும் சேர்ந்து ஊதாவிலிருந்து கறுப்பு வரை புதுப் படம் எழும். மேல்நாட்டில் எழுதியிருப்பவர்கள் தேயிலை என்பார்கள், காபி என்பார்கள், ஒயின் என்றுகூடச் சொல்வார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மிடம் கடுக்காய் இருக்கிறது.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் கருப்பு மை என்பது நம் முன்னோர் அறிந்த பாடம். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட், இரும்பு உப்பு. காகிதத்தில் எழுதிய பழைய மையின் வேதியியல் அதுதான். கலம்காரித் துணியும் அதுதான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, துருவும் வெல்லமும் புளித்த நீரால் கோடு இழுத்தால், இழுத்த இடத்திலேயே கறுக்கும். கலம்காரிக்காரர் முதலில் கடுக்காய், பிறகு இரும்பு என்று போகிறார். சயனோடைப்காரர் முதலில் இரும்பு, பிறகு கடுக்காய் என்று வருகிறார். நடுவில் சூரியன் நின்று படம் வரைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, மாடியில் எடுத்த வேப்பிலை, ஆவாரம்பூப் படங்களை அதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கடுக்காய் நீலம் கலந்த கருப்பைத் தருகிறது. காகிதம் லேசாக மஞ்சள் பூக்கிறது, கலம்காரித் துணி பூப்பது போலவே. ஆவாரம்பட்டைக் கஷாயம் பச்சை கலந்த கருப்பு. டானின்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இரும்போடு சேரும்போது ஒன்று நீலக் கருப்பும் இன்னொன்று பச்சைக் கருப்பும் தரும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதை இப்படிக் கண்ணால் பார்ப்பது தனிச் சுகம். தேயிலை கருமையான பழுப்பு தரும், ஆனால் காகிதத்தையே டீக்கடை மேசைத் துணி ஆக்கிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆவாரம்பட்டை என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். பல்லாவரம் தோல் ஷாப்புகள். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோல்களுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமியம் உப்பால் பதனிடும் புது முறையைச் சென்னைக்குக் கொண்டுவர அரசு சார்பில் முயன்றவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். ஹன்டர் தொடங்கிய அதே கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்தவர். பிறகு பல்லாவரத்துக்குத் தெற்கே சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி வந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை. தினமும் ரயிலில் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஒரு தனிமம் ஒளிந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள்?

அந்தத் தனிமமும் ஒரு புகைப்பட முறைக்குச் சொந்தம். கருவேல மரம் போன்றவற்றின் பிசினில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் நமக்குப் பிடித்த நிறப்பொடியையும் கலந்து காகிதத்தில் பூசி, நெகட்டிவ்வை மேலே வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் கெட்டியாகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து ஓடும். காவி போட்டால் காவிப் படம், கரி போட்டால் கரிப் படம். 1855-ல் பிரான்சில் பொய்த்தவேன் வழி காட்டிய கம் பைகுரோமேட் முறை இது. டோனிங்கே வேண்டாம், நிறத்தை ஆரம்பத்திலேயே நாம் முடிவு செய்கிறோம். வேதியியல்படி பார்த்தால், வெளிச்சம் ஆறு இணைதிற குரோமியத்தை மூன்றாக்குகிறது. அந்த மூன்று இணைதிற குரோமியம் பிசினின் இழைகளைப் பின்னிக் கட்டுகிறது. தோல் தொட்டியில் தோலைக் கட்டுவதும் அதே மூன்று இணைதிற குரோமியம். அதாவது கம் படம் என்பது சூரியன் பதனிட்ட தோல்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. டைகுரோமேட் தோலை அரிக்கும், புற்றுநோய் தரும், சாக்கடையில் ஊற்றினால் நிலத்தடி நீருக்குப் போகும். தோல் தொழிற்சாலைகள் நம் மாவட்டங்களின் கிணறுகளுக்கு என்ன செய்தன என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்துவிட்டது. பல்லாவரத்துக் கிணறுகளைப் பற்றி இங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, ஒரு படத்துக்காக இன்னும் ஒரு தம்ளர் குரோமியத்தை அதில் சேர்க்க மனம் வராது.

கடுக்காய்க் கஷாயத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றலாம். அதுவும் குறையில்லாதது அல்ல. இரும்பு மை மிகுந்தால் காலப்போக்கில் காகிதத்தையே அரிக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகள் சாட்சி. அங்கே எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிக் கிடக்கும். மையில் இருந்த அமிலமும் அதற்குக் காரணம். நாம் செய்வதில் இரும்பு குறைவு, அலசினால் அமிலமும் மிஞ்சாது. தங்கத்துக்கு இணையான ஆயுள் இதற்கு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ரசாயனக் கடைகளில் கிடைக்கும். தனித்தனியாகக் கரைத்து, சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் பூச வேண்டும். ஃபெர்ரிசயனைடு பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். நம் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் போதும். சலவைச் சோடா லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி. கடுக்காய்ப் பொடி லிட்டருக்கு இரண்டு கைப்பிடி, ஆறவைத்து வடிகட்டியது. ஐப்பசிக்குள் செய்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் இந்த ஊரில் பூசிய காகிதம் காய்வதே இல்லை.